தரவைக்கு மின்வேலி போடப் போய் நான் பட்ட பாடு

யாழ்ப்பாணத் தீவகத்தில் வேலணைப் பக்கம், கடலோரத் தரவையில், அதாவது வெட்டவெளிப் புல்நிலத்தில், பட்டி வைத்திருக்கிறேன். 2021 கடைசியில் 15 மாடும் 37 செம்மறியும் நின்றன. அந்தப் பட்டியை முறையாக மேய்ப்பதற்கு மின்வேலியும் தண்ணீர்த் தாங்கியும் வாங்கச் சுற்றாடல் மானியம் ஒன்று கேட்டு ஒன்றரை வருடம் அலைந்தேன். மானியம் கிடைத்தது. ஆனால் அது கிடைத்து முடிவதற்குள் என் சொந்தக் கையிலிருந்து 4 இலட்சம் ரூபா போய்விட்டது. 9 உயிரும் போனது. முன்னமே யாராவது கூப்பிட்டு இருத்திவைத்து நான்கு விஷயம் சொல்லியிருந்தால் அதில் பாதியாவது மிஞ்சியிருக்கும். எனக்கு அப்படிச் சொல்ல ஆள் இருக்கவில்லை. அடுத்து விண்ணப்பிக்கப் போகிறவர்களுக்காக எழுதுகிறேன்.

முதலில், மாடு மேய்க்க எதற்குச் சுற்றாடல் மானியம் என்று கேட்பவர்களுக்கு. 1990களின் தொடக்கத்தில் ஊர் இடம்பெயர்ந்தபோது தரவையில் மேய்ச்சலும் நின்றுபோனது. பல வருடம் கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், அப்பா மாட்டுக்குத் தண்ணீர் காட்டிய குளத்தைச் சுற்றி நாயுண்ணியும் விடத்தலும் ஈச்சம்பற்றையும் மூடிக் கிடந்தன. குளத்துக்குள்ளே சம்பு. சின்ன வயதில் மாரி தொடங்கினால் அந்தச் சேற்றில் உள்ளான் குருவிகள் கூட்டம் கூட்டமாக இரை பொறுக்கும். அவற்றுக்கு இப்போது இறங்கவே இடமில்லை. ஆட்காட்டிக் குருவியும் வெட்டவெளியில்தான் முட்டையிடும். நாயோ ஆளோ வருவது தூரத்திலேயே தெரிந்தால்தான் அதற்கு நிம்மதி. புல் இடுப்பளவு நின்றால் அது வேறு இடம் பார்த்துப் போய்விடும்.

மேய்ச்சலை நிறுத்தினால் இயற்கை தானாகத் திரும்பும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ராஜஸ்தானில் பரத்பூர் என்ற இடத்துப் பறவைப் பூங்காவில் நடந்ததைப் படித்த பிறகுதான் கண் திறந்தது. 1982இல் அங்கே மாடும் எருமையும் மேய்வதைத் தடை செய்தார்கள். எதிர்த்த ஊர்ச்சனங்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்து உயிர்கள் போயின. தடைக்குப் பிறகு, எருமைகள் தின்றுவந்த ஒருவகைப் புல் நீர்நிலைகளை அடைத்து வளர்ந்து, நீர்ப்பறவைகளுக்குத்தான் இடம் குறைந்தது. எந்தப் பறவைகளுக்காகத் தடை போட்டார்களோ அவையே பாதிக்கப்பட்டன. மாடு நாக்கால் சுற்றிப் பிடுங்கித் தின்னும், அதனால் புல் ஓரிடத்தில் உயர்ந்தும் ஓரிடத்தில் தாழ்ந்தும் நிற்கும். செம்மறி நிலத்தோடு ஒட்டக் கடிக்கும். இரண்டையும் அளவாக, இடம் மாற்றி மாற்றி விட்டால் பூச்சிக்கும் பறவைக்கும் பூண்டுக்கும் தனித்தனி இடம் கிடைக்கும். அளவு மீறினால் மண் வெளித்து அங்கே பார்த்தீனியம் வந்து குந்திவிடும், அதை மாடும் வாய் வைக்காது. ஆகவே தரவையை நான்கு பங்காகப் பிரித்து மாற்றி மேய்க்க வேண்டும், முட்டை காலத்தில் குளக்கரைக்கு மாடு போகாமல் தடுக்க வேண்டும். அதை ஒற்றை ஆளாகக் கம்போடு நின்று செய்ய முடியாது. கம்பு நட்டு வளர்க்கிற கதியால் வேலி போட்டால் நினைத்தபடி நகர்த்த முடியாது. அதற்குத்தான் சூரிய ஒளியில் ஓடும், கழற்றிப் பூட்டக்கூடிய மின்வேலி தேவைப்பட்டது.

2021 நவம்பரில் விண்ணப்பம் போட்டேன். தனியாளுக்குத் தரமாட்டார்கள், பதிவு செய்த சங்கம் வேண்டும் என்பதே எனக்கு விண்ணப்பப் படிவம் கையில் வந்த பிறகுதான் தெரியும். எங்கள் கால்நடை வளர்ப்போர் சங்கம் பெயருக்கு இருந்தது. கணக்கறிக்கை மூன்று வருடமாக எழுதப்படவில்லை, வங்கிக் கணக்கில் கையெழுத்துப் போடுகிற இரண்டு பேரில் ஒருவர் கனடா போய்விட்டார். அதைச் சரிசெய்யவே ஐந்து கிழமை. நீங்கள் இப்போது எந்த மானியத்துக்கும் விண்ணப்பிக்கவில்லை என்றாலும், சங்கத்தின் கூட்டக் குறிப்பையும் கணக்கையும் வங்கிக் கையெழுத்தையும் இன்றைக்கே ஒழுங்காக்கி வையுங்கள். அறிவித்தல் வந்த பிறகு ஓடினால் காலம் காணாது.

பொருட்பட்டியலை எழுதியதில்தான் என் பெரிய பிழை. விற்பவர் தந்த கொட்டேசனில் இருந்ததை அப்படியே பார்த்து எழுதினேன்: மின்வேலிக் கருவி, சோலார் தகடு, கம்பி, நகர்த்தும் கம்பங்கள், கம்பத்தில் மின் கசியாமல் தடுக்கிற காப்பான்கள். மொத்தம் 185,000 ரூபா. பார்க்க நிறைவாகத்தான் இருந்தது. பற்றரி அதில் இல்லை. நிலத்தில் இறக்குகிற எர்த் கம்பிகள் இல்லை. கம்பியில் மின் ஓடுகிறதா என்று பார்க்கிற சோதனைக் கருவி இல்லை. இடி மின்னலுக்குப் பாதுகாப்பு இல்லை. இவையெல்லாம் பின்னால் ஒவ்வொன்றாக என் தலையில் விழுந்தன. கடைக்காரரின் தாளைப் பார்த்து எழுதாமல், ஒருநாள் முழுக்கப் பட்டியோடு நின்று, காலையில் அவிழ்ப்பதிலிருந்து இரவு அடைப்பது வரை என்னென்ன கை படுகிறது என்று பார்த்து எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுதியிருந்தால் முதல் வரியில் தண்ணீர் வந்திருக்கும்.

தண்ணீர் விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், தீவகத்தில் எல்லாம் கடைசியில் தண்ணீரில்தான் வந்து முட்டும். கோடையில் ஒரு மாடு நாளைக்கு 30, 40 லீற்றர் குடிக்கும். 15 மாட்டுக்குக் கன்றுகளையும் சேர்த்து 500 லீற்றர், செம்மறிக்கு 150 லீற்றர் என்று வையுங்கள். மாற்றி மேய்ப்பது என்றால் குளம் இல்லாத பங்கிலும் மாடு நிற்கும். ஆடி ஆவணியில் குளமும் வற்றிவிடும், கிணறுகள் பல உவர்த்துவிடும். ஆகவே வேலி நகர்கிற இடத்துக்கெல்லாம் தண்ணீரும் நகர வேண்டும். இதை நான் விண்ணப்பத்தில் ‘தண்ணீர் வசதி’ என்று ஒரே சொல்லில் எழுதி 60,000 ரூபா போட்டிருந்தேன். 1,000 லீற்றர் தாங்கி பூட்டி, லாண்ட்மாஸ்டரில் (இரு சக்கர உழவு இயந்திரத்தில்) இழுக்கிற பழைய பவுசர் (தண்ணீர் வண்டி) 165,000 ரூபாவுக்கு ஒன்று வந்தது.

2022 பெப்ரவரியில் தொலைபேசி வந்தது. “அக்கா, உங்கட திட்டம் தெரிவாகிவிட்டது, வாழ்த்துக்கள்” என்றார் மானிய அலுவலகத்துப் பிள்ளை. எனக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. பவுசரை வேறு யாரும் கொண்டுபோய்விடுவார்களோ என்ற பயத்தில் அடுத்த கிழமையே காப்பு இரண்டு சோடியை அடகு வைத்து 120,000 எடுத்து, மிச்சத்தைச் சேமிப்பிலிருந்து போட்டு அதை வாங்கிவிட்டேன். பற்றுச்சீட்டைப் பத்திரமாக வைத்திருந்தேன். ஒப்பந்தம் கையெழுத்தானது ஜூலையில். ஒப்பந்தத் தேதிக்கு முன்னால் வாங்கிய எந்தப் பொருளுக்கும் பணம் தரமுடியாது என்று அதில் தெளிவாக இருந்தது. நான் கெஞ்சிப் பார்த்தேன், அவர்களால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பவுசர் இன்றைக்கும் என்னிடம்தான் நிற்கிறது, அதுவரை நட்டம் இல்லை. ஆனால் மானியத்தில் வந்திருக்க வேண்டியதற்கு என் காப்பு போனது. பத்து மாதம் கழித்து மீட்டபோது வட்டி மட்டும் 27,000. தெரிவானோம் என்ற தொலைபேசி வேறு, கையெழுத்தான ஒப்பந்தம் வேறு. இடையில் ஒரு ஆணிகூட வாங்காதீர்கள். பொருள் கைநழுவும் என்று பயமாக இருந்தால், மின்னஞ்சலில் கேட்டு எழுத்தில் அனுமதி எடுங்கள்.

பெப்ரவரிக்கும் ஜூலைக்கும் இடையில் ஐந்து மாதம் ஏன் போனது என்றால், காணி. தரவை எங்கள் பாட்டன் காலத்து மேய்ச்சல் நிலம், ஆனால் தாளில் அரச காணி. அதில் வேலி என்று ஒன்றைப் போடுவதற்குப் பிரதேச செயலகத்தின் கடிதம் வேண்டும், கிராம அலுவலரின் சிபாரிசு வேண்டும், கடலோரம் என்பதால் கரையோரம் பேணுகிற திணைக்களத்திடமும் கேட்க வேண்டும், மாட்டுக்கு அரச மிருக வைத்தியரின் பதிவு வேண்டும். நான் இவற்றை ஒன்றன் பின் ஒன்றாகக் கேட்டேன். நான்கையும் ஒரே கிழமையில் கொடுத்திருந்தால் இரண்டு மாதத்தில் முடிந்திருக்கும். கடிதத்தில் ‘வேலி’ என்று மட்டும் எழுதியதும் பிழை. யாரோ காணி பிடிக்கிறார்கள் என்று ஊரில் கதை கிளம்பிவிட்டது. ‘கழற்றக்கூடிய, தற்காலிக மேய்ச்சல் தடுப்பு, பொதுப் பாதை மறிக்கப்படாது’ என்று மாற்றி எழுதி, சனசமூக நிலையத்தில் கூட்டம் வைத்து விளங்கப்படுத்திய பிறகுதான் கதை அடங்கியது. அந்தக் கூட்டத்தை விண்ணப்பத்துக்கு முன்னமே வைத்திருக்க வேண்டும்.

அந்த ஐந்து மாதத்தில் நாடு என்ன ஆனது என்று உங்களுக்குத் தெரியும். 2022 மார்ச் தொடக்கத்தில் 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போய்விட்டது. கருவியும் கம்பியும் இறக்குமதி. என் 185,000 ரூபாக் கொட்டேசன் 30 நாளுக்குத்தான் செல்லுபடி என்று அடியில் சின்ன எழுத்தில் இருந்தது, நான் அதைக் கவனிக்கவில்லை. ஜூலையில் அதே பொருட்களுக்கு 340,000 கேட்டார்கள். மானியமோ ரூபாவில் 8 இலட்சம் என்று எழுதி முடிந்தது. பொருட்பட்டியலின் வேறு வரிகளிலிருந்து 45,000 மாற்ற அனுமதித்தார்கள், மிச்சம் 110,000 நான் போட்டேன். ஒப்பந்தம் போடப் பெற்றோல் இல்லாமல் பண்ணைப் பாலத்தால் சைக்கிளில் யாழ்ப்பாணம் போனது இப்போதும் நினைவில் நிற்கிறது, திரும்பி வரும்போது எதிர்க்காற்று, தென்மேற்கிலிருந்து சோழகம். இறக்குமதிப் பொருள் என்றால் விலை ஏற்றத்துக்கென்று தனி வரி ஒன்று கேட்டுப் போடுங்கள். தரமாட்டோம் என்றால், விலை இத்தனை வீதம் கூடினால் எந்தெந்த வரியிலிருந்து மாற்றலாம் என்பதையாவது ஒப்பந்தத்தில் எழுதச் சொல்லுங்கள்.

பணம் முழுதாக ஒரே தடவையில் வராது என்பதும் எனக்குப் புதிது. 40 வீதம் கையெழுத்தின்போது, 40 வீதம் முதல் அறிக்கைக்குப் பிறகு, கடைசி 20 வீதம் எல்லாம் முடிந்த பிறகு. அதாவது கடைசி 160,000 ரூபாவை நாங்கள் முதலில் செலவழித்துவிட்டுப் பிறகு பெற வேண்டும். சின்னச் சங்கத்துக்கு அது எவ்வளவு பெரிய பாரம் என்று அலுவலகத்தில் இருப்பவர்களுக்கு விளங்குவதில்லை. விண்ணப்பிக்கும்போதே கடைசிப் பங்கை யார் தாங்குவார்கள் என்று கூட்டத்தில் கேட்டு முடிவெடுங்கள். எங்களுக்கு லண்டனில் இருக்கிற ஊர்க்காரர்கள் சிலர் கைமாற்றாகத் தந்தார்கள். அதையும் என் கணக்குக்கு அனுப்ப விடாமல் சங்கக் கணக்குக்கு அனுப்பச் சொன்னேன். அந்த ஒரு விஷயத்தை நான் சரியாகச் செய்தேன், இல்லாவிட்டால் இன்றைக்கு ஊரில் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

ஓகஸ்டில் வேலி போட்டோம். முதல்நாளே இரண்டு மாடு கம்பியை அறுத்துக்கொண்டு போனது. கருவி பழுது என்று நினைத்துத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பக்கத்து வளவுப் பெரியையா பார்த்துவிட்டுச் சொன்னார், “பிள்ளை, மாடு கம்பியைக் கண்டு நிக்காது. ஒருக்கால் மூக்கில அடி வாங்கினால்தான் நிக்கும். முதல்ல சின்ன இடத்தில பழக்கு.” உண்மைதான். மின்வேலி பலத்தால் தடுப்பதில்லை, மாட்டின் ஞாபகத்தால் தடுக்கிறது. கொட்டிலடியில் சின்னதாக ஒரு அடைப்புப் போட்டு மூன்று நாள் பழக்கிய பிறகு நூல் கட்டினால்கூடக் கிட்டப் போகவில்லை. எர்த் விஷயமும் அப்போதுதான் தெரிந்தது. குளக்கரை உவர்ச்சேற்றில் அடி நன்றாக விழுந்தது. மேட்டில், அடியில் சுண்ணக்கல் கிடக்கிற காய்ந்த மண்ணில், அடி விழவே இல்லை. மின்சாரம் மாட்டின் உடம்பு வழியாக நிலத்துக்குப் போய் எர்த் கம்பியால் கருவிக்குத் திரும்ப வேண்டும், காய்ந்த மண் அதைக் கடத்தாது. பிறகு மேட்டில் இரண்டாவது கம்பி ஒன்றை எர்த்தாக ஓடவிட்டோம், மாடு இரண்டையும் சேர்த்துத் தொடும்போது அடி விழும். உப்புக்காற்றில் முடிச்சுகள் துருப்பிடிக்கும், மாதம் ஒருமுறை பார்க்க வேண்டும். கீழ்க் கம்பியில் புல் முட்டினாலும் மின் கசியும்.

பற்றரிக்கு வாகனப் பற்றரியைப் போட்டேன், கையில் அதுதான் கிடைத்தது. வாகனப் பற்றரி ஒரு நொடி பலமாகக் கொடுத்துவிட்டு உடனே திரும்ப நிரம்புவதற்காகச் செய்தது. இரவு முழுக்க மெதுவாக வடியவிட்டால் செத்துவிடும். மூன்று மாதத்தில் ஒன்று, அதன் பிறகு இன்னொன்று, இரண்டும் 38,000 வீதம். சோலாருக்கென்றே வருகிற பற்றரியைத்தான் முதலிலேயே வாங்கியிருக்க வேண்டும். இந்த இடத்தில் ஒன்றைக் கையெடுத்துக் கேட்கிறேன். பற்றரி செத்துவிட்டது, இன்றைக்கு மட்டும் என்று வீட்டு 230 வோல்ற் மின்சாரத்தைக் கம்பியில் கொடுத்துவிடாதீர்கள். மின்வேலிக் கருவி ஒரு வினாடிக்கு ஒருதடவை, கண்ணிமைக்கும் நேரம்தான் அடிக்கும். அதனால்தான் உயிர் போவதில்லை. வீட்டு மின்சாரம் பிடித்தால் விடாது. அது சட்டவிரோதம், அதில் பிள்ளைகள் செத்திருக்கிறார்கள்.

இனி எழுதக் கஷ்டமான பகுதி. விண்ணப்பத்தில் கொட்டிலுக்கென்று 90,000 ரூபா போட்டிருந்தேன். “இது வாழ்வாதாரத் திட்டம் இல்லை அக்கா, உயிர்ப்பல்வகைமைத் திட்டம், கொட்டில் இதற்குள் வராது” என்று வெட்டிவிட்டார்கள். நானும் வாதாடவில்லை, மானியம் கிடைத்தாலே போதும் என்றிருந்தது. 2022 டிசம்பர் 8ஆம் திகதி இரவு, மண்டூஸ் புயல் வங்கக்கடலில் நின்றபோது, வடக்குக் கிழக்கு முழுக்க அப்படியொரு குளிரும் காற்றும் மழையும். தறப்பாளைக் கட்டக் கட்டக் காற்று பிய்த்தது. விடியப் பார்த்தால் ஒரு பசு, இரண்டு கன்று, ஆறு செம்மறி விறைத்துக் கிடந்தன. அந்த இரண்டு நாளில் வடக்கிலும் கிழக்கிலும் ஆயிரத்துக்கு மேற்பட்ட கால்நடைகள் செத்தன, நான் மட்டும் இல்லை என்று தெரியும். ஆனாலும் அந்தப் பசு என் அப்பா கையால் புல் வாங்கித் தின்ற மாட்டின் பேத்தி. புதைத்துவிட்டு வந்து இரண்டு நாள் நான் யாரோடும் பேசவில்லை. கொட்டில் வரியை ‘கால்நடை வீடு’ என்று எழுதியிருக்கக் கூடாது. இந்தப் பட்டிதான் தரவையைத் திறந்து வைக்கிற கருவி, பட்டி செத்தால் அடுத்த வருடம் பற்றை திரும்ப மூடும், ஆகவே காற்றுமறைப்பு இல்லாமல் திட்டமே இல்லை என்று எழுதியிருக்க வேண்டும். உங்கள் வரியை வெட்டினால் ஒருதடவையாவது திருப்பிக் கேளுங்கள். கேட்டதற்காக மானியத்தை நிறுத்திவிட மாட்டார்கள்.

அறிக்கை எழுதும்போது இன்னொரு இடி. மேய்ச்சலுக்கு முன்பு இடம் எப்படி இருந்தது என்று படம் கேட்டார்கள். என்னிடம் ஒன்றும் இல்லை. இப்போது குளக்கரையில் ஒரு பனைக்கு வெள்ளைப் பூச்சு அடித்து, மாதத்தின் முதல் ஞாயிறு அந்தப் பனையடியில் நின்று ஒரே திசையில் படம் எடுக்கிறோம், பறவையும் எண்ணுகிறோம். அதற்குக் காசு ஒன்றும் தேவையில்லை. மாட்டுக்குப் போடுகிற பூச்சி மருந்து விஷயமும் அப்படித்தான். ஐவர்மெக்ரின் என்கிற அந்த மருந்து போட்ட மாட்டின் சாணத்தில் நாட்கணக்கில், சிலவேளை கிழமைக்கணக்கில் மருந்து கலந்து வரும், சாண வண்டின் புழு வாழாது, வண்டு இல்லாவிட்டால் அதைத் தின்கிற பறவையும் இல்லை. இப்போது தேவையான மாட்டுக்கு மட்டும், வைத்தியரைக் கேட்டுப் போட்டு, அந்த நாட்களில் கொட்டிலடியில் கட்டி வைக்கிறோம்.

கருவி யாருடையது என்பதையும் எழுதி வையுங்கள். தாளில் அது சங்கத்துடையது. நான் 110,000 போட்டிருக்கிறேன் என்பதற்கு எந்தத் தாளும் இல்லை. சங்கத்தில் இன்னொருவர் தன் தோட்டத்துக்கு இரண்டு கிழமை இரவல் கேட்டபோது, மறுக்கவும் முடியவில்லை, கொடுக்கவும் மனமில்லை. பிறகு கூட்டத்தில் ஒரு பக்கத் தாளில் எழுதிக் கையெழுத்து வைத்தோம்: யார் பொறுப்பு, பழுதானால் யார் காசு, பற்றரிக்கு மாதம் எவ்வளவு சேர்ப்பது. மானியம் கருவியைத் தரும், அதன் சாப்பாட்டைத் தராது. போக்குவரத்து, போட்டோப்பிரதி, தபால் என்று நான் செலவழித்த 22,000 ரூபாவுக்கும் பட்டியலில் எங்கேயும் வரி இருக்கவில்லை.

குளத்தின் தெற்குக் கரை இப்போது திறந்துவிட்டது. போன மாரியில் உள்ளான்கள் இறங்கின. வடக்குக் கரை இன்னும் பற்றைதான், அதற்கு இன்னொரு விண்ணப்பம் போட்டிருக்கிறோம். முதல் வரி காற்றுமறைப்பு, இரண்டாவது தண்ணீர், மூன்றாவது பற்றரி, அதற்குப் பிறகுதான் கம்பி. தெரிவாகியிருக்கிறோம் என்று போன மாதம் தொலைபேசி வந்தது. பவுசரின் இடப்பக்க ரயர் வெடித்துக் கிடக்கிறது, புது ரயரும் பட்டியலில் இருக்கிறது. ஒப்பந்தம் கையெழுத்தாகும் வரை வாளியால் அள்ளித்தான் ஊற்றுகிறோம்.